துருவும் உருவும்



இங்கிலாந்தில் பழைய மகிழுந்துகளை விற்போர் தரும் விளம்பரங்களில் 'சீரமைக்கத் தக்கது' என்றொரு தொடர் அடிக்கடி வரும். 'சிறிதளவு வேலை உண்டு', 'எல்லா உறுப்புகளும் உள்ளன', 'நேரமின்மையால் விற்கப்படுகிறது' என்பன அதனோடு சேர்ந்து வருவன. பழக்கமுடையோர் இத்தொடர்களை உரையாசிரியர் நூற்பாவைப் பிரிப்பது போலப் பிரித்துப் பொருள் கொள்வர். சிறிதளவு வேலை என்றால், விற்பவர் வண்டியின் அடியில் குனிந்து பார்க்கவில்லை என்று பொருள். எல்லா உறுப்புகளும் உள்ளன என்றால், அவை வண்டியில் இல்லை, அட்டைப் பெட்டிகளில் உள்ளன என்று பொருள். நேரமின்மை என்பது பெரும்பாலும் பணமின்மை.

இவ்வளவும் அறிந்த பின்னரும் வாங்குகின்றனர். ஓடாத வண்டிக்குப் பணம் கொடுத்து, அதனை இன்னொரு வண்டியின் மேல் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, ஆண்டுக் கணக்கில் விடுமுறை நாள்களை அதன் அடியில் படுத்துக் கழிக்கின்றனர். தமிழ் படித்தோர்க்கு இவ்வாசை விளங்காத ஒன்றன்று. கரையான் அரித்த ஏட்டுக் கட்டு ஒன்றுக்காக ஊர் ஊராகச் சென்று, வீட்டுக்காரர் வாயிலில் காத்திருந்து, கிடைத்ததைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்பிய பெருமக்களின் மரபு தமிழுக்கு உண்டு. பழையதொன்றை வாங்குகிறவர் உண்மையில் எதனை வாங்குகிறார், அதில் எவ்வளவு மாற்றிய பின்னும் அது அதுவாகவே இருக்கும் என்னும் வினாக்கள் ஏட்டுக்கும் வண்டிக்கும் பொதுவானவை.

எடுத்துக்காட்டுக்கு ஒரே வண்டி போதும்: மோரிஸ் மைனர். அலெக் இஸிகோனிஸ் என்னும் பொறியாளர் வடிவமைத்த இவ்வண்டி 1948ஆம் ஆண்டு அக்டோபரில் இலண்டன் கண்காட்சியில் வெளிவந்தது. பின்னாளில் மினி என்னும் சிறு வண்டியைப் படைத்தவரும் இவரே. நிறுவனத் தலைவராகிய நஃபீல்டு பிரபு மைனரின் உருண்டை வடிவைக் கண்டு, உடைத்து ஊற்றி வேகவைத்த முட்டை போல் இருக்கிறது என்று இகழ்ந்ததாகக் கூறுவர். அவ்வாறு இகழப்பட்ட வண்டியே பிரித்தானிய வண்டிகளுள் முதன்முதலாகப் பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை எட்டியது. 1971இல் உற்பத்தி முடியும் வரை செய்யப்பட்டவை ஏறத்தாழ 16 இலட்சம். ஊர்ச் செவிலியரும் ஆசிரியரும் காவலரும் ஓட்டிய எளிய வண்டி இது. இந்தியாவில் இதனை இந்துஸ்தான் மோட்டார்ஸ் 'பேபி இந்துஸ்தான்' என்னும் பெயரில் விற்றது. தமிழகச் சாலைகளில் அனைவரும் கண்ட அம்பாசிடர், மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வழிவந்தது. ஆகவே மைனர் அதற்குப் பங்காளி முறை.

விலை மிகுந்த பந்தய வண்டிகளைச் செல்வர்கள் வாங்கிச் சீரமைப்பது முதலீடு. மைனரைச் சீரமைப்பதில் இலாபம் இல்லை. செலவு முடிந்த வண்டியின் விலையைத் தாண்டுவதே வழக்கம். எனவே இதனை வாங்குவோரின் நோக்கம் கலப்பற்றது எனலாம். தந்தை ஓட்டிய வண்டி, தாம் பள்ளிக்குச் சென்ற வண்டி, அல்லது கையால் பிரித்துக் கையால் பூட்டக்கூடிய கடைசித் தலைமுறை வண்டி என்பவையே காரணங்கள்.

வாங்கச் செல்வோர் முதலில் செய்வது எஞ்சின் மூடியைத் திறந்து பார்ப்பதாகும். பார்க்க வேண்டிய இடம் அதுவன்று. 1952 முதல் மைனரில் பூட்டப்பட்ட எஞ்சின் வகை பல்வேறு வண்டிகளில் பல்லாண்டுகள் பயன்பட்டது. அதன் உறுப்புகளுக்குப் பஞ்சமில்லை, செப்பனிடும் முறையும் எளிது. வாங்குபவரை ஓட்டாண்டி ஆக்குவது உடல்தான். மைனருக்குத் தனியான சட்டகம் இல்லை. அடிச்சட்டத்தின் மேல் உடலை வைத்துப் பூட்டும் பழைய முறைக்கு மாறாக, இதில் தகட்டு உடலே பாரத்தைத் தாங்குகிறது. கதவுகளின் அடியில் ஓடும் நீண்ட பெட்டி போன்ற விளிம்பு, தளத் தகடு, தளத்துக்குக் கீழே குறுக்காகச் செல்லும் விட்டம், பின்பக்க வில்தகடுகள் தொங்கும் தாங்கிகள் ஆகியவை அரித்துப் போனால், மேலே பளபளக்கும் வண்ணத்துக்கு ஒரு பொருளும் இல்லை.

துரு வெளியிலிருந்து உள்ளே செல்வதாகப் பலரும் எண்ணுவர். இவ்வண்டிகளில் பெரும்பாலும் அது உள்ளிருந்து வெளியே வருகிறது. சக்கரம் வாரி இறைக்கும் சேறும், குளிர்காலத்தில் பனி உருகுவதற்காகச் சாலையில் தூவப்படும் உப்பும் தகட்டு மடிப்புகளுக்குள் புகுந்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. வண்ணத்தின் மேல் அரிசியளவு கொப்புளம் தோன்றும் பொழுது, அதன் பின்னே கையளவு தகடு போயிருக்கும். கார் என்னும் தமிழ்ச்சொல் மழை முகிலையும் குறிக்கும். இங்கிலாந்தில் காருக்குப் பகை காரே.

சோதிக்கும் முறையும் எளியதே. ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவின் அடிவிளிம்பு நெடுகிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். இரும்பு உள்ள இடத்தில் காந்தம் பற்றும். ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்து மேலே வண்ணம் பூசிய இடத்தில் நழுவி விழும். கதவைச் சற்றே திறந்து, கைப்பிடிப் பக்கத்தைப் பற்றி மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் கீல் தேய்ந்திருக்கலாம், கீல் பூட்டிய தூண் அரித்திருக்கலாம். முன்னது சிறு செலவு, பின்னது பெருஞ்செலவு. மூடிய கதவைச் சுற்றியுள்ள இடைவெளி எங்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். மேலே நெருங்கிக் கீழே அகன்றிருந்தால், வண்டி நடுவில் தொய்ந்துவிட்டது என அறியலாம். கூரையைத் திறந்து மடிக்கும் வகையில் இக்குறை இருந்தால் வாங்காமல் திரும்புவதே நன்று. அதன் உடலைக் காக்கக் கூரை இல்லை. அடிவிளிம்பே எல்லாவற்றையும் சுமக்கிறது.

1953இல் வெளிவந்த டிராவலர் என்னும் வகையின் பின்பாதி ஆஷ் மரச் சட்டத்தால் ஆனது. மரம் அழகுக்காக ஒட்டப்பட்டது என்று எண்ணி வாங்கியோர் பலர். அது பாரம் தாங்கும் மரம். வீட்டுக்கு உத்தரம் போன்றது. மெருகெண்ணெய் பூசாமல் விட்டால் சன்னல் கண்ணாடி ஓடும் பள்ளத்தில் நீர் தேங்கிப் பாசி பிடிக்கும், காளானும் முளைக்கும். மரம் கறுத்திருக்கும் இடத்தில் பேனாக்கத்தி முனையால் அழுத்தினால் உண்மை தெரிந்துவிடும். இவ்வண்டிக்குத் தச்சரும் வேண்டும், கொல்லரும் வேண்டும்.

உயிரோடு தொடர்புடைய குறை ஒன்றும் உண்டு. முன் சக்கரத்தைத் தாங்கும் கீழ் மூட்டு மரையிட்டது. சக்கரம் திரும்பும் பொழுது அம்மரையில்தான் சுழலும். காலந்தவறாமல் கிரீஸ் அடித்தால் நெடுநாள் உழைக்கும். அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் மூட்டு கழன்று, சக்கரம் மடங்கி வண்டி முன்புறமாகச் சாயும். பிரித்தானியாவில் 2018ஆம் ஆண்டு மே மாதம் முதல் 40 ஆண்டு கடந்த, பெருமாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு ஆண்டுத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. பழமை விரும்பிகள் பலர் இச்சலுகையை வரவேற்றனர். வாங்குவோர் கண்கொண்டு நோக்கினால் இது மகிழத்தக்க சலுகையாகத் தோன்றவில்லை. முன்பு ஆண்டுக்கு ஒருமுறையேனும் அந்நியர் ஒருவர் இந்த மூட்டை அசைத்துப் பார்த்தார். இன்று பல ஆண்டுகள் எவருமே பார்க்காத வண்டியும் விற்பனைக்கு வரலாம். உரிமையாளர் தாமாக முன்வந்து சோதனைக்கு விடலாம் என்பது நல்லோர்க்கு மட்டுமே பயன்படும் விதி.

பிரித்துப் பெட்டிகளில் இட்ட வண்டி மலிவாகக் கிடைக்கும். அதுவே மிக விலை கூடிய வண்டி. கயிறு அறுந்து, பக்க எண் இல்லாமல் கலைந்த ஏடுகளை அடுக்கியவர்களுக்கு இதன் துன்பம் தெரியும். எந்த மரையாணி எங்கிருந்து வந்தது என்பதைப் பிரித்தவர் மட்டுமே அறிவார். அவரோ வண்டியை விற்றுவிட்டார். பெரிய உறுப்பு காணாமற்போனால் எங்கேனும் வாங்கலாம். விளக்கைச் சுற்றியுள்ள வளையம், அந்த ஆண்டுக்கே உரிய கைப்பிடி, 1961 வரை கதவுக்குப் பின்னிருந்து கைபோல நீண்டு திசைகாட்டிய சிறு கருவி போன்றவற்றைத் தேடுவதில்தான் ஆண்டுகள் கழியும். அரை வழியில் கைவிடப்பட்டு, இரண்டாம் கைக்கும் மூன்றாம் கைக்கும் மாறிச்செல்லும் வண்டிகள் மிகப் பல. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு பெட்டி குறையும்.

மைனரின் நற்பேறு, அதற்கு உதிரிபாகம் கிடைப்பது. பாத் நகரில் சார்லஸ் வேர் என்பவர் 1970களில் மைனருக்கென்றே ஒரு நிலையம் தொடங்கினார். ஒரு வண்டியைத் தொடர்ந்து செப்பனிட்டு வாழ்நாள் முழுவதும் ஓட்டுவது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புது வண்டி வாங்கி மதிப்பிழப்பைச் சுமப்பதை விடச் சிக்கனமானது என்பது அவர் வாதம். இதற்கெனவே நூல் ஒன்றும் எழுதினார். இவ்வாதம் இலங்கையில் கண்கூடாக மெய்ப்பிக்கப்பட்டிருந்தது. அங்கே இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த 1960, 1970களில் புது வண்டி வருவது அருகியது. வந்திருந்த மைனர்களையே பட்டறைக் கலைஞர்கள் தகடு அடித்தும் உறுப்பு கடைந்தும் ஓட வைத்தனர். தேவை வளர்த்த அத்திறமையைக் கண்டே, 1990களில் மைனருக்கான உடல் தகடுகளை இலங்கையில் செய்து இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லும் முயற்சி தொடங்கப்பட்டது. ஆண்ட நாட்டின் வண்டிக்கு ஆளப்பட்ட நாட்டின் கை உடல் செய்து கொடுத்தது. வரலாற்றாசிரியர் எவரும் இதனை இன்னும் விரிவாக எழுதவில்லையாயின், எழுதத் தக்கது.

புதுத் தகடு, புது விளிம்பு, வேறு எஞ்சின் என மாற்றிக்கொண்டே சென்றால், எஞ்சுவது பழைய வண்டியா? பிரித்தானிய வாகனப் பதிவுத் துறை இதற்கு நெடுங்காலம் மதிப்பெண் முறை ஒன்றை வைத்திருந்தது. பெரிதும் மாற்றப்பட்ட வண்டி தன் பழைய பதிவெண்ணைத் தக்கவைக்க 8 மதிப்பெண் பெற வேண்டும். சட்டகத்துக்கு அல்லது தனியுடலுக்கு 5. தொங்கமைப்பு, அச்சுகள், கியர் அமைப்பு, திருப்பமைப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனியே 2. எஞ்சினுக்கு 1 மட்டுமே. எஞ்சினே வண்டியின் உயிர் என்று பேசுவோர் இக்கணக்கைக் கண்டு வியப்பர். உடலைத்தான் சட்டம் ஆளாகக் கொண்டது.

இவ்வினா நீதிமன்றத்துக்கும் சென்றது. 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் லெ மான் பந்தயத்தில் வென்ற பென்ட்லி வண்டிக்குப் 'பழைய முதல் எண்' என்று பொருள்படும் செல்லப்பெயர் உண்டு. 1932இல் புரூக்லண்ட்ஸ் பந்தயக் களத்தில் அது விபத்துக்குள்ளாகி, ஓட்டிய கிளைவ் டன்ஃபீ உயிரிழந்தார். பிறகு வேறு உடல் பூட்டப்பட்டுச் சாலை வண்டியாயிற்று. 1990இல் அதனை 1 கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்பிய நிறுவனம், பந்தயத்தில் ஓடிய உறுப்புகளில் மிகச் சிலவே எஞ்சியுள்ளன, ஆகவே இது அவ்வண்டி அன்று என்று கூறிப் பின்வாங்கியது. உரிமையாளர் வழக்குத் தொடுத்தார். 1990 ஜூலையில் நீதிபதி ஆட்டன் உரிமையாளர் பக்கம் தீர்ப்பளித்தார். உறுப்புகள் மாறினும், ஒரே நாளில் அழிந்து மறுநாள் புதிதாகப் படைக்கப்பட்டதன்று. இடையறாத வாழ்வு அதற்கு உண்டு. எந்தக் கட்டத்திலும் அவ்வண்டியாகவே அறியப்பட்டது என்பது தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்பு எளியோர்க்கும் பயன் தருவது. மைனரை வாங்குபவர் அரித்த விளிம்பை மாற்றுவதால் வண்டி பொய்யாகிவிடாது. ஆனால் இடையறாமை என்பதற்குச் சான்று வேண்டும். ஆகவே பதிவுப் புத்தகம், பழைய சோதனைச் சீட்டுகள், பட்டறைப் பற்றுச்சீட்டுகள், உடலில் பொறித்த எண் ஆகியவற்றை வண்ணத்தை விடக் கூர்ந்து நோக்க வேண்டும். எண் தகடு புதிதாகப் பளிச்சிட்டால் ஐயுறுவது கடமை. இந்தியாவில் 2021இல் வெளியான விதிகளும் 50 ஆண்டு கடந்த வண்டிகளைத் தனி வரிசையில் பதிவு செய்ய இடம் தந்து, சட்டகம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் கூடாது என்கின்றன.

குறைவாகச் செய்வது ஒரு தவறு. மிகையாகச் செய்வது அதனினும் பெரிய தவறு. மஜ்ஜோரே ஏரியில் 1936இல் அமிழ்த்தப்பட்ட புகாட்டி பிரெஸ்கியா வண்டி ஒன்று 2009இல் மேலே எடுக்கப்பட்டது. ஒரு பக்கம் முழுதும் கரைந்துபோன இரும்புக் கூடு அது. 2010இல் ஏலத்தில் 2,60,500 யூரோவுக்கு விலைபோயிற்று. வாங்கிய அமெரிக்கர் அதனைச் சீரமைக்காமல், ஏரி கொடுத்த உருவிலேயே காட்சிக்கு வைத்தார். எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. ஓட வேண்டியது ஓடத்தான் வேண்டும். ஆயினும் தமிழகக் கோயில் திருப்பணிகளில் மணலை வீசிச் சுவரைத் தூய்மை செய்து, கல்வெட்டு எழுத்துகளையும் சேர்த்துத் தேய்த்த கொடுமையை அறிந்தவர்களுக்கு, தூய்மைக்கும் அழிவுக்கும் உள்ள நெருக்கம் புரியும்.

மைனரிலேயே சான்று உண்டு. வடிவமைப்பின் இறுதிக் கட்டத்தில் வண்டி ஒடுங்கியிருப்பதாக இஸிகோனிசுக்குத் தோன்றியது. மாதிரி வண்டியை நெடுக்காக இரண்டாக அறுத்து, பாதிகளை நகர்த்திப் பார்த்து, 4 அங்குலம் அகலப்படுத்தினார். எஞ்சின் மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அதன் அடையாளம். அதற்குள் மோதுதாங்கிகள் செய்து முடிந்திருந்தன. அவற்றை வீணாக்க மனமின்றி, நடுவில் வெட்டி 4 அங்குல இணைப்புத் துண்டு வைத்துப் பூட்டினர். தொடக்க கால மைனரை வாங்கும் அறியாதவர் இதனை யாரோ செய்த அரைகுறை ஒட்டு வேலை என்று கருதி, பிற்காலத்து ஒரே துண்டாலான மோதுதாங்கியைப் பூட்டிவிடுவார். பாடம் பிழை என்று எண்ணி ஏட்டைத் திருத்தும் பதிப்பாளரின் செயலும் இதுவே. புறநானூற்றில் 267, 268 ஆகிய பாடல்கள் கிடைக்கவில்லை. சிதைந்த அடிகளுக்குப் பதிப்புகளில் புள்ளிகளே இடப்பட்டுள்ளன. நிரப்பத் தெரியாமல் விட்டவை அல்ல அவை.

பன்னாட்டுப் பழவண்டிக் கூட்டமைப்பு 2012இல் ஏற்ற தூரின் சாசனமும் இந்நெறியையே கூறுகிறது. பழையது எஞ்சியிருக்குமாயின் அதனைக் காக்க வேண்டும். மாற்ற நேர்ந்தால், மாற்றியது எது எனப் பின்வருவோர் அறியும்படி குறித்து வைக்க வேண்டும். பெருஞ்செல்வர்க்கு மட்டும் உரிய அறிவுரையன்று இது. ஒரு நோட்டுப் புத்தகமும் நிழற்படக் கருவியும் இருந்தால் எவரும் செய்யலாம். வண்டி வந்த நாளில் எல்லாப் பக்கமும், அடிப்பக்கமும் படம் எடுத்தல். கழற்றும் ஒவ்வோர் உறுப்பையும் கழற்றும் முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் படம் எடுத்தல். மரையாணிகளைத் தனித்தனி உறையில் இட்டு இடம் எழுதுதல். இருக்கைக்கு அடியிலும் கதவின் உள்ளிலும் எஞ்சியிருக்கும் முதல் வண்ணத்தைத் துடைக்காமல் விட்டு, அந்நிறத்தைக் குறித்துக்கொள்ளுதல். வண்டி அதுவரை காய்ந்த இடத்தில் நிற்கட்டும். வெல்டிங் வேலை இவற்றுக்குப் பிறகுதான்.